உப்புக்காற்றில் ஒரு மின்பெட்டி

கொளத்தூரில் வண்ணமீன் வாங்கிவந்து, வாசலிலோ மொட்டைமாடியிலோ சிமெண்ட் தொட்டி கட்டி வளர்ப்பவர்கள் வடசென்னையில் பலர். தொட்டிக்குள் ஒரு சப்மெர்சிபிள் பம்ப், பக்கத்தில் ஏர் பம்ப், இரவுக்கு ஒரு விளக்கு. இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கும் ஜங்ஷன் பாக்ஸ் வெளிச்சுவரில் இருக்கும். அதே பெட்டி தாம்பரத்தில் உழைக்கும் காலம் எண்ணூரில் உழைக்காது. ராயபுரம் முதல் கத்திவாக்கம் வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

மழை பெய்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். கடலோரத்தில் அதற்கு மழையே வேண்டாம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி, நீர் வற்றி, உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75-க்கு மேல்தான். ஆகவே வானம் தெளிந்திருக்கும் இரவிலும் பெட்டிக்குள் இருக்கும் டெர்மினல்கள் மேல் உப்புநீர்ப் படலம் படர்ந்திருக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒரு டெர்மினலிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் கசியும். கசியும் வழியில் பிளாஸ்டிக் கருகும். கருகிய தடமே அடுத்த கசிவுக்குப் பாதையாகிவிடும்.

இந்தப் பகுதிக்கு இன்னொரு சுமையும் உண்டு. அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியிலும், மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயிலும் கந்தகம் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் கந்தக டைஆக்சைடு ஈரத்தில் சேர்ந்து அமிலமாகிறது. உப்பும் அமிலமும் கைகோத்தால் இரும்பு மட்டுமல்ல, 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடப் புள்ளி புள்ளியாக அரிபடும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 வகை இதைவிட நன்றாகத் தாங்கும். வீட்டுக்கு வாங்குபவர்களுக்குப் பாலிகார்பனேட் அல்லது ஃபைபர் பெட்டியே சிறந்தது, அவை துருப்பிடிப்பதில்லை.

உயர் அழுத்தக் கம்பிகளுக்கும் இதே சிக்கல்தான். மாசு குறைவான இடத்தில் இன்சுலேட்டரின் மேற்பரப்பு நீளம் ஒரு கிலோவோல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்றும், உப்பும் சாம்பலும் மிகுந்த இடத்தில் 31 மில்லிமீட்டர் வேண்டும் என்றும் சர்வதேச வழிகாட்டிகள் வகுத்தன. காற்று கெட்டுப்போன இடத்தில் காப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்டால் ‘ஐபி 65 பாக்ஸ், தண்ணியே போகாது’ என்பார்கள். இந்த எண்ணில் முதல் இலக்கம் தூசியைத் தடுப்பதைக் குறிக்கும். 6 என்றால் தூசி நுழையாது. இரண்டாவது இலக்கம் நீரைத் தடுப்பது. 4 என்றால் தெறிக்கும் நீர், 5 என்றால் பீய்ச்சும் நீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவது, 8 என்றால் தொடர்ந்து மூழ்கியிருப்பது. ஆனால் இந்தச் சோதனைகள் புதுப் பெட்டிக்கு, நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடந்து இறுகிப்போன ரப்பர் கேஸ்கட்டைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

இறுக மூடிய பெட்டியும் மூச்சுவிடும் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி, விரிந்து, எங்காவது ஓர் இடுக்கு வழியே வெளியேறும். பிறகு திடீரென்று மழை கொட்டிப் பெட்டி குளிரும். வெப்பம் 57 டிகிரியிலிருந்து 27-க்கு இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றின் கன அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, கேஸ்கட் ஓரத்தில் நிற்கும் மழைநீரையே பெட்டி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் உள்ளே நீர் தேங்கும். சிலிக்கான் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்பி அடைத்துவிட்டால் உள்ளே போன நீர் வெளியேற வழியே இருக்காது.

எனவே வரும் நீரைத் தடுப்பது பாதி வேலை, வந்துவிட்ட நீரை வெளியேற்றுவது மறுபாதி. கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாக, கிளாண்ட் வழியே மட்டும் நுழையட்டும். நுழையும் இடத்துக்கு முன் கேபிள் சற்றுக் கீழே தொய்ந்து மேலேறினால், அதன் மேல் வழியும் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். அடியில், பெட்டி செய்தவர்களே விட்டிருக்கும் வடிகால் துளையை அடைக்கக் கூடாது. வெயில் நேரே படாதபடி மேலே ஒரு சிறு சாய்ப்பு இருந்தால் மூச்சுவாங்கலும் குறையும். பெட்டியைத் தொட்டியிலிருந்து தள்ளி, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பம்பின் கேபிளை நீருக்குள் ஒட்டுப்போடவே கூடாது. சாதாரண டேப்பின் பசை வெயிலிலும் ஈரத்திலும் விட்டுப்போகும். நீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் ஈரம் உள்ளே வரலாம். அன்றைக்கு உயிரைக் காப்பது மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். ஃபியூஸோ எம்சிபியோ இதைச் செய்யாது. அவை கம்பி எரியாமல் காப்பவை. மனிதனைக் கொல்லப் போதுமான மின்னோட்டத்தை அவை உணர்வதே இல்லை. எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும்.

2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், தெருவில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஐப்பசி மழை தொடங்கும் முன் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உப்பைத் துடைத்து, இறுகிய கேஸ்கட்டை மாற்றுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். தொட்டிக்குள் கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.