சாரணர் முகாமில் ஆற்றுக் குளியல்: பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

வார இறுதிச் சாரணர் முகாம் என்றால், பிள்ளைகள் முதலில் கேட்பது ஆற்றில் இறங்கலாமா என்பதைத்தான்.

பீடோருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் உள்ளது. கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் பெய்த மழை ஆற்றில் பாய்ந்து வரக்கூடும். மலாயில் 'கெப்பாலா ஆயர்' எனப்படும் இந்தத் திடீர் நீர்ப்பெருக்கு, முழங்கால் அளவு நீரைச் சில நிமிடங்களில் கழுத்தளவாக்கிவிடும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைப் பறித்ததும் இதுதான். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். செருப்பை எடுக்கக்கூடத் திரும்பக்கூடாது.

சாரணர்கள் இருவர் இருவராகவே நீரில் இறங்குவது பழைய வழக்கம். விசில் ஊதியதும் இணைகள் கைகோத்து உயர்த்த, பொறுப்பாளர் எண்ணுவார். பார்க்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால், நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், நீரில் இறங்காமல் கரையில் காவல் நிற்பவர் யார் என்று கேளுங்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு உள்ளதா என்பதையும் கேளுங்கள். பெரியவர்களின் அங்கி, நீரில் குதித்ததும் சிறுவனின் தலைவழியே கழன்றுவிடும்.

வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலை அப்போதுதான் அவர் சந்தேகிப்பார்.