எலும்பினுள் ஒரு காயம்

கோட்டுச்சேரியில் மாலை வேளைகளில் சடுகுடு ஆடும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் என் பார்வை அவர்களுடைய முழங்கால்களிலேயே நிலைக்கும். பாடிச் சென்றவன் சட்டெனத் திரும்புகிறான்; பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. மூட்டினுள் 'டப்'பென்று ஓர் ஓசை. சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறியவில்லை என்றறிந்ததும் வீட்டார் நிம்மதி அடைகின்றனர். அந்நிம்மதி தகுமா என்பதே இன்றைய பேச்சு.

1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர், சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பில் தடைபட்டு நிழல் தருகிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பதும், மக்கள் 'ஜவ்வு' என்று வழங்குவதுமான நார், கொலாஜென் என்னும் புரதத்தால் ஆயது. ஆகவே, அது அறுந்திருப்பினும் எக்ஸ்ரேயில் தெரியாது.

எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவியோ, உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் குறிப்புகளைக் கொண்டு அந்நாரையும் காட்டுகிறது. முன்புறப் பிணைநார் அறுந்தோரிற் பெரும்பாலோரிடம் அது மற்றொன்றையும் காட்டுகிறது: எலும்பினுள்ளே ஒரு கன்றல்! நார் அறும் கணத்தில் இரண்டு எலும்புகளும் மோதிக்கொண்டதன் அடையாளம் அது.

அக்கன்றல் பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும். ஆனால், அம்மோதலில் நசுங்கிய குருத்தெலும்பின் கதை வேறு. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் எளிதில் ஆறாது. நரம்புகளும் இல்லை, ஆதலின் தன் துன்பத்தைச் சொல்லவும் அறியாது. இத்தகைய காயமுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் மூட்டுத் தேய்வு காணப்படுகிறது. புதிய நார் பொருத்தினாலும் இவ்வபாயம் முற்றும் நீங்குவதில்லை. பதினெட்டு வயதில் விழுந்தவன் முப்பத்தைந்து வயதிலேயே முதியவனைப் போல் படியேற நேரிடலாம்.

இதனால் அஞ்சி விளையாட்டைத் துறக்க வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும். 2022 டிசம்பர் 30-ஆம் நாள் கார் விபத்தில் முழங்கால் நார்கள் அறுந்த கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் மீண்டும் போட்டியில் ஆடினார். தொடைத் தசைகளை வலுப்படுத்துங்கள். உடல் எடையை அளவாக வையுங்கள். மருத்துவர் இசையும்வரை களம் இறங்காதீர்கள். வலி நின்றது என்பது வேறு, மூட்டு நலமுற்றது என்பது வேறு. இவ்வேறுபாட்டை இளமையிலேயே உணர்ந்தவன், முதுமையிலும் தன் கால்களால் நடப்பான்.