திடீரென மக்கர் செய்யும் வெப்சைட்: நெட் மேல தப்பா? வடிகட்டி மேல தப்பா?

வேலைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லா விவரத்தையும் நிரப்பியாச்சு. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் மட்டும் திறக்க மறுக்கிறது. "அண்ணே, நெட் போயிடுச்சா?" என்று கேட்டால், "மத்த சைட் எல்லாம் ஓடுதேப்பா..." என்று கடைக்காரரும் தலையைச் சொறிகிறார்.

இப்படி ஒரே ஒரு தளம் மட்டும் மக்கர் செய்தால், டி.என்.எஸ். வடிகட்டியின் வேலையாக இருக்கலாம்.

அது என்ன டி.என்.எஸ்.?

செல்போனில் ஆள் பெயரைத் தட்டினால் நம்பருக்கு கால் போகிறதல்லவா? அதே கதைதான். வெப்சைட் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். 1983-ல் உருவான ஏற்பாடு இது. ஆபாச, மோசடி, விளம்பர தளங்களின் பட்டியலை வைத்துக் கொண்டு, அந்தப் பெயர்களுக்கு மட்டும் எண்ணைத் தராமல் கைவிரிப்பதுதான் வடிகட்டி.

பட்டியலில் தப்பு வந்தால் நல்ல தளமும் மாட்டிக் கொள்ளும். 2020 ஏப்ரல் 1-ந்தேதி அமெரிக்காவின் கிளவுட்பிளேர் நிறுவனம், ஆபாச தளங்களைத் தடுக்க 1.1.1.3 என்ற இலவச சேவையை அறிமுகம் செய்தது. அது பாலின சிறுபான்மையினருக்கான சாதாரண தகவல் தளங்களையும் சேர்த்து தடுத்து விட்டது. தவறு தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட நிறுவனம், மன்னிப்பு கேட்டு சரிசெய்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

* முதலில் வைபையை அணைத்து விட்டு, செல்போன் டேட்டாவில் அதே தளத்தை திறந்து பாருங்கள். திறந்தால், தடை வைபை பக்கம் இருக்கிறது. ரூட்டரை கவனிப்பவரிடம் சொல்லுங்கள்.

* இரண்டிலும் திறக்கவில்லையா? ஆண்ட்ராய்டு போன் செட்டிங்சில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று தேடுங்கள். விளம்பரத்தை நிறுத்த யாராவது அங்கே ஒரு பெயரை போட்டு வைத்திருக்கலாம். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிப் பாருங்கள்.

* அப்பவும் திறக்கவில்லை, மற்றவர் போனிலும் இதே நிலை என்றால், அந்த தளமே படுத்திருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து முயற்சிக்கவும்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு...

வடிகட்டியின் பதிவேட்டைப் பார்த்தால் எந்தப் பெயர் தடுக்கப்பட்டது என்று தெரியும். விண்ணப்ப தளத்துக்கு அனுமதி இருந்தும், பணம் கட்டும் பக்கம் வேறு பெயரில் இருப்பதால் சிக்கியிருக்கும். அந்தப் பெயரை மட்டும் அனுமதி பட்டியலில் சேர்த்தால் போதும். மொத்த வடிகட்டியையும் அணைக்க வேண்டாம். மாற்றிய பிறகும் பழைய பதில் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி விடும்.

உஷார்!

தடுக்கப்பட்ட எல்லாமே அப்பாவி தளம் அல்ல. எஸ்.எம்.எஸ்.சில் வந்த லிங்க் திறக்கவில்லை என்றால், வடிகட்டி உங்கள் பணத்தை காப்பாற்றியிருக்கலாம். தளத்தின் பெயரை எழுத்து எழுத்தாக சரிபார்த்த பிறகே தடையை நீக்குங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள்.

கடைசி நாள் வரை காத்திருக்காமல் 2 நாள் முன்பே விண்ணப்பித்தால் இந்த டென்ஷனே இல்லை!