கொடியில் தொங்கும் ஐப்பசி

ஐப்பசி மாதம், சென்னையில் ஒரு வீடு, காலை ஏழரை மணி. முந்தின நாள் இரவு துவைத்த பள்ளிச் சீருடைச் சட்டை ஹாலில் மின்விசிறிக்குக் கீழே, நாற்காலி முதுகில் கிடக்கிறது. இரவு முழுக்க ஃபேன் ஓடியும் காலர் மட்டும் இன்னும் சில்லென்றிருக்கிறது. அம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துகிறார். குப்பென்று ஆவி கிளம்புகிறது, சட்டை காய்ந்துவிடுகிறது. முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசம்தான். பையன் மாட்டிக்கொண்டு ஓடுகிறான். பதினோரு மணிக்கு பி.டி. பீரியட் முடிந்து வியர்வையோடு வகுப்புக்குத் திரும்பினால், பக்கத்து பெஞ்சுக்காரன் மூக்கைப் பொத்துகிறான்.

காலையில் இல்லாத நாற்றம் பதினோரு மணிக்கு எங்கிருந்து வந்தது?

ஈர வாடை என்பார்கள், மக்கல் வாடை என்பார்கள், புழுங்கின நாற்றம் என்பார்கள். பெயர் எதுவானாலும் பழி முதலில் சோப்புத்தூள் மீது விழும், அப்புறம் வாஷிங் மெஷின் மீது, கடைசியில் மழை மீது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: துவைத்த துணி எத்தனை மணி நேரம் ஈரமாகவே கிடந்தது?

இதைத் துருவிப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் ‘ட்சுயு’ என்னும் மழைக்காலம் வரும். சிறிய அடுக்குமாடி வீடுகள், வாரக்கணக்கில் வெயில் கிடையாது. வீட்டுக்குள் துணி உலர்த்துவதற்கென்றே ‘ஹெயாபோஷி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சோப்பு, சலவைத்தூள் தயாரிக்கும் காவோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த வாடையைப் பிரித்துப் பார்த்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஈரமான அழுக்குத் துடைதுணி போன்ற அந்த நாற்றத்தின் சாரம் 4-மெத்தில்-3-ஹெக்ஸெனாயிக் அமிலம் என்கிற வேதிப்பொருள். துணியில் அதை உண்டாக்குவதில் முக்கியப் பங்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவுக்கு.

பயப்பட வேண்டிய கிருமி அல்ல இது. நம்மோடு நம் வீடுகளில் குடியிருப்பது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. சலவையில் முழுசாகப் போகாமல் நூலிழையில் தங்கிவிட்ட உடல் எண்ணெயும் வியர்வையும்தான் அதற்குச் சாப்பாடு. ஆனால் லேசில் சாகாது. துணி காய்ந்தால் அது சுருண்டு படுக்குமே தவிர ஒழியாது. வெயிலின் புறஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். மறுபடி ஈரம் கிடைத்ததும் எழுந்து வேலையை ஆரம்பித்துவிடும். அந்தச் சீருடைச் சட்டைக்கு நடந்தது அதுதான். இஸ்திரிப் பெட்டி மேல்பரப்பைக் காய்ச்சியது. காலர் மடிப்புக்குள்ளும் தையலுக்குள்ளும் சூடு போதவில்லை. மைதானத்தில் வழிந்த வியர்வை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

வாசனைத் திரவம் ஊற்றி இதை மறைப்பது, கெட்டுப்போன குழம்பின் மேல் கொத்தமல்லித்தழை தூவுகிற காரியம். துணியை மெதுவாக்கும் கண்டிஷனர்கள் இழைகளின் மேல் மெழுகு போல ஒரு படலத்தைப் பூசுகின்றன. அதனால் துண்டு தண்ணீரை உறிஞ்சுவது குறையும், அடுத்த சலவையில் சோப்பு உள்ளே போவதும் கடினமாகும். குளியல் துண்டுக்காவது அதை ஊற்றாமல் இருக்கலாம்.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணி ஏன் காய்வதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 5 கிலோ பருத்தித் துணியை மெஷினில் துவைத்துச் சுழற்றி எடுத்தாலும் அதில் 2.5 முதல் 3.5 லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். கையால் பிழிந்தால் இன்னும் அதிகம். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 28 டிகிரி வெப்பத்தில் அந்த அறைக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடிய நீராவி சுமார் 770 கிராம். சென்னையின் மழைக்காலக் காற்றில் அதில் எண்பது சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருப்பது சாதாரணம். மிச்சமிருப்பது 150 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர். மூன்று லிட்டர் தண்ணீரை ஒரு காபி டம்ளருக்குள் ஊற்றத்தான் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேனைச் சுழலவிடுகிறோம். மூடிய அறையில் ஃபேன் அதே ஈரக் காற்றையே கிளறிக்கொண்டிருக்கும். டம்ளரில் கொள்ளாத ஈரம் சுவரிலும் தலையணையிலும் பீரோவின் முதுகிலும் போய் உட்காரும்.

ஆகவே எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேனைப் போட வேண்டும். அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். ஏ.சி. இருக்கிற வீட்டில் ரிமோட்டில் ‘டிரை’ என்று ஒரு பொத்தான் இருக்கும், பெரும்பாலும் யாரும் தொடாதது. அதைப் போட்டால் வெளிக்குழாயில் சொட்டுகிற தண்ணீரில் ஒரு பங்கு துணியிலிருந்து வந்ததாக இருக்கும். இன்னொன்று, காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது பின்னிரவிலும் விடியலிலும். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குத் துவைத்துப் போடுகிறவர்கள் துணியை ஈரத்துக்கே காவல் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். விடிந்ததும் துவைத்து, காற்று சற்றே உலர்ந்திருக்கும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரையிலான நேரத்தில் கொடியில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எல்லா வீட்டுக்கும் இந்த வசதி வாய்க்காது என்பதும் உண்மைதான்.

துவைத்த ஐந்து மணி நேரத்துக்குள் துணி காய்ந்துவிட வேண்டும் என்பது ஜப்பானிய வீட்டுக் குறிப்புகளில் அடிக்கடி வருகிற கணக்கு. அதற்கு அவர்கள் கொடியில் போடும் விதத்தையே மாற்றுகிறார்கள். பேண்ட், துண்டு போன்ற நீளமானவை இரண்டு ஓரத்திலும், ஜட்டி, கைக்குட்டை, காலுறை போன்றவை நடுவிலும் வருகிற மாதிரி வளைவாகத் தொங்கவிடுகிறார்கள். நடுவில் கிடைக்கிற இடைவெளி வழியாகக் காற்று ஏறும். ஒரு துணிக்கும் அடுத்ததற்கும் ஒரு கைமுஷ்டி இடைவெளி. நம் பால்கனிக் கொடியில் ஒரே க்ளிப்பில் மூன்று துணி தொங்கும் காட்சியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்பி, பையை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பை வளையம் போல விரித்துத் தொங்கவிட்டால் நேரம் வெகுவாகக் குறையும். மெஷின் வைத்திருப்பவர்கள் இரண்டாவது தடவை ஸ்பின் மட்டும் போடுவது இதில் எல்லாவற்றையும்விட மலிவான வழி. மெஷின் இல்லையா? பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டுக்குள் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி நாலு மிதி மிதிக்கலாம்.

நாற்றம் ஏற்கெனவே ஊறிப்போன துணிக்கு என்ன செய்வது? எத்தனை முறை சோப்புத்தூள் போட்டுப் பச்சைத் தண்ணீரில் துவைத்தாலும் போகாது. இந்தக் கிருமியை ஒழிக்க 60 டிகிரி வெப்பமாவது வேண்டும். அதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. குளிக்க வெந்நீர் விளாவத் தெரிந்த வீட்டில் இதுவும் தெரியும்: கொதிக்கக் கொதிக்க ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. 100 டிகிரியும் 28 டிகிரியும் சரிபாதியாகச் சேர்ந்தால் 64. துணியும் வாளியும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டு 60-ஐ ஒட்டி நிற்கும். அதில் சலவைத்தூளைக் கரைத்து, துணியை ஒரு குச்சியால் அமுக்கி, மேலே தட்டு போட்டு மூடி, அரைமணி நேரம் விட்டால் துண்டு, பனியன், படுக்கை விரிப்பு எல்லாம் வழிக்கு வரும். பருத்திக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். பட்டு, கம்பளி, சாயம் போகிற துணி, எலாஸ்டிக் வைத்த துணி எதையும் இதில் போடக்கூடாது.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. வெள்ளாவி என்ற சொல்லைச் சினிமாப் பாட்டில் கேட்டவர்கள் உண்டு, பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, தண்ணீர் கொதிக்கும் பானைக்கு மேல் கோபுரம் போல அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அலசி, மணலில் விரித்துக் காயவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது காரம். துணியின் எண்ணெய்ப் பிசுக்கை அது கரைக்கும். மிச்சத்தை ஆவி பார்த்துக்கொள்ளும். சோப்புக் கம்பெனிகள் இன்று ஆய்வுக்கூடம் வைத்துத் தேடுகிற விஷயத்தைக் கையில் வைத்திருந்த சலவைத் தொழிலாளர் சமூகத்துக்கு ஊர் என்ன மரியாதை தந்தது என்பது வேறு கதை, சொல்லக் கூசுகிற கதை.

காரம் என்றதும் சமையலறைச் சண்டை ஒன்று நினைவுக்கு வரும். ‘வாடை போக சோடா உப்பையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுங்கள்’ என்று வீடியோக்கள் சொல்கின்றன. இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்; அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். நாற்றத்துக்குக் காரணமே ஓர் அமிலம் என்பதால் அதை அடக்குவது காரம்தான். சலவைச் சோடா கலந்த நீரில் அந்த அமிலம் காற்றில் எழும்பாத உப்பாக மாறி, அலசும்போது போய்விடும். வினிகருக்கு வேலை வேறு இடத்தில். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து துணியில் பிடிக்கிற வெள்ளைப் பிசுக்கைக் கடைசி அலசலில் அது கரைக்கும். குளோரின் பிளீச்சோடு மட்டும் வினிகர் சேரவே கூடாது. சேர்ந்தால் கிளம்புவது நச்சு வாயு.

நாற்றம் சில சமயம் மெஷினிலிருந்தே வரும். முன்பக்கக் கதவு வைத்த மெஷினில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தால் தெரியும்: கறுப்பாக, வழவழவென்று, தலைமுடியும் சில்லறைக் காசும் சேர்ந்த ஒரு படலம். சோப்பை அள்ளிப் போடுகிறவர்கள் வீட்டில் இது இன்னும் தடிமனாக இருக்கும், அலசலில் போகாத சோப்பும் அதற்குத் தீனி. அதைத் துடைத்து, மாதத்துக்கு ஒருமுறை துணியில்லாமல் சூடான சுற்று ஒன்று ஓடவிட்டு, வேலை இல்லாத நேரத்தில் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் கதவைத் திறந்து வைப்பதில் ஜாக்கிரதை தேவை. மெஷின் பீப்-பீப் என்று கத்தி ஓய்ந்த பிறகும் துணியை உள்ளேயே மூன்று மணி நேரம் விட்டுவைத்தால், மேலே சொன்ன ஐந்து மணிக் கணக்கில் மூன்று அங்கேயே போயிற்று.

ஜிம்முக்குப் போகிறவர்களின் டீ-ஷர்ட் ஏன் தனி ரகமாக நாறுகிறது என்பதற்கும் விடை உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தினர் 26 பேருக்கு சைக்கிள் உடற்பயிற்சி கொடுத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளைப் பிறகு முகர்ந்து பார்க்கச் செய்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் பாலியஸ்டரில் செழித்திருந்தன. வியர்வைச் சட்டையைப் பைக்குள் கசக்கி வைக்காமல் உடனே அலசிப் போடுவதுதான் அதற்கு வழி.

பீரோவுக்குள் வருவது வேறு ரகம். கொடியில் நாறுவது பாக்டீரியாவின் வேலை என்றால், பீரோவில் மண்வாடை அடிப்பது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மடித்து வைத்த வேட்டியை மூன்று மாதம் கழித்து எடுத்தால் மடிப்போரம் கரும்புள்ளி. கஞ்சி என்பது மாவுச்சத்து, பூஞ்சைக்கு விருந்து. எடுத்து வைக்கிற துணிக்குக் கஞ்சி வேண்டாம். இஸ்திரிச் சூடு ஆறுவதற்குள் அடுக்கவும் வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை நான்கு விரல் தள்ளி வைத்தால் பின்னால் காற்று போகும். செருப்பு டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பீரோவில் போடுவது கிணற்றுக்கு ஸ்பூன் வைத்து இறைப்பது. ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் கொஞ்சம் பயன்படும். அவற்றில் தேங்கும் நீர் துணியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டுப்புடவையை மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைக்காமல், ஈரமில்லாத நாளில் நிழலில் ஆறப்போட்டு, மடிப்பை மாற்றி, பிளாஸ்டிக் உறைக்குப் பதில் மல் துணியில் சுற்றி வைப்பது பாட்டிமார் செய்தது. அதில் திருத்த ஒன்றுமில்லை.

திருத்த வேண்டியது அந்துருண்டை விஷயத்தில். நாப்தலின் உருண்டை பூச்சியைத் துரத்தும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக இருக்கும் கைக்குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியைப் போர்த்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள்காமாலை வரக்கூடும். அக்கா குழந்தையின் சட்டையை ஐந்து வருடம் பெட்டியில் வைத்துத் தங்கை குழந்தைக்குப் போடுகிற குடும்பங்களில் இது தெரிந்திருக்க வேண்டியது.

தை பிறந்ததும் மொட்டைமாடிகள் நிறைந்துவிடும். வெயிலில் காய்ந்த துண்டை முகத்தில் வைத்து இழுத்து முகர்கிற சுகத்துக்கும் வேதியியல் இருக்கிறதா என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சிலர் பார்த்தார்கள். 2020இல் அந்த ஆய்வு வெளியானது. சோப்பே போடாமல், சுத்திகரித்த தண்ணீரில் துண்டுகளை அலசி, சிலவற்றை வெளிச்சமில்லாத அறையிலும், சிலவற்றை பால்கனி நிழலிலும், சிலவற்றை பால்கனி வெயிலிலும் உலர்த்தினார்கள். வெயிலில் காய்ந்தவற்றில் மட்டும் மற்றவற்றில் இல்லாத ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் இருந்தன. அவற்றில் பென்டனல் ஏலக்காயிலும் இருப்பது, ஆக்டனலுக்கு ஆரஞ்சுத் தோல் வாசம், நோனனலுக்கு ரோஜாவின் சாயல்.