கம்ப்யூட்டர் போடும் கெடு தேதி: குமாஸ்தாக்கள் கவனிக்க!

தேனி மாவட்டம் கம்பத்தில் இருந்து மலைப்பாதையில் ஏறினால் கம்பம்மெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். மலைக்கு மேலும் கீழும் கொடுக்கல் வாங்கல் உண்டு. கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் நோட்டீசு அடிக்கும் வேலை குமாஸ்தாவுக்கு வந்து சேரும். அதில் தேதிதான் உயிர்.

இரு மாநிலத்துக்கும் சட்டம் ஒன்றே. 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியில் இருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீசு கொடுக்க வேண்டும். நோட்டீசு கிடைத்தவருக்குப் பணம் தர 15 நாள் அவகாசம். தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும்.

ஒரு நாள் வித்தியாசம்

சாகேத் இந்தியா கம்பெனி வழக்கைப் பாருங்கள். நோட்டீசு கிடைத்தது 29-9-1995. அவகாசம் அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. 15-ந் தேதி வழக்குப் போடும் உரிமை பிறந்தது. புகார் தாக்கலானது நவம்பர் 15. நாள் கடந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. உரிமை பிறந்த நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும், புகார் செல்லும் என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

இதையே கம்ப்யூட்டரிடம் அக்டோபர் 15-உடன் 30 நாள் கூட்டச் சொன்னால் நவம்பர் 14 என்று காட்டும். சட்டத்தில் மாதம் என்றால் காலண்டர் மாதம். 30 நாள் அல்ல. எக்செல்லில் நாள் கணக்குக்குத் தேதியுடன் எண்ணைக் கூட்டினால் போதும். மாதக் கணக்குக்கு 'ஈடேட்' என்ற சூத்திரம் இருக்கிறது. அது நவம்பர் 15 என்று சரியாகச் சொல்லும்.

கடிதத்தில் எப்படி?

வாடகை பாக்கி, தவணை நினைவூட்டல் போன்ற கடிதங்களில் கடிதத் தேதியில் இருந்தே கெடு கொடுக்கலாம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தேதிப் புலம் சேர்க்கும் பெட்டியில் 'ஆப்செட் இன் டேஸ்' என்ற கட்டம் உண்டு. அதில் 15 என்று போட்டால், 15 நாள் கழித்து வரும் தேதி விழும். வேர்டில் இப்படி எளிய கட்டம் இல்லை. எக்செல்லில் கணக்கிட்டு, 'மெயில் மெர்ஜ்' மூலம் கடிதத்தில் சேர்க்கலாம்.

ஆனால் ஓர் ஆபத்து. தானே புதுப்பிக்கும் தேதியை வைத்தால், ஆறு மாதம் கழித்து அதே கடிதத்தை அச்சிடும்போது புதுத் தேதி வந்து நிற்கும். அனுப்பிய கடிதம் ஒன்று, அலுவலக நகல் வேறு என்றாகிவிடும். ரைட்டரில் 'பிக்சட்' தேதியைத் தேர்ந்தெடுங்கள். வேர்டில் தேதி சேர்க்கும்போது, தானே புதுப்பிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

காசோலை நோட்டீசில் கெடு தேதியே வேண்டாம். 'இது கிடைத்த 15 நாட்களுக்குள்' என்று எழுதுவதே சரி. தபால் பட்டுவாடா ஆன நாள் தெரிந்தபின் கணக்கிட்டு, பதிவேட்டில் குறியுங்கள்.

கம்ப்யூட்டருக்கு ஓணமும் தெரியாது, பொங்கலும் தெரியாது. புகாருக்குக் கடைசி நாளில் கோர்ட்டு விடுமுறை என்றால், திறக்கும் அடுத்த நாள் தாக்கல் செய்யலாம். எந்த மாநிலக் கோர்ட்டோ அந்த மாநிலத்து விடுமுறைப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.