சபை இல்லாத நகரில் பெண்களின் வாக்கு

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் இடம்பெற்றது. மொத்தம் 341 சபைகளில் 339 சபைகளுக்கு மக்கள் வாக்களித்தனர். விடுபட்ட இரண்டில் ஒன்று தெற்கிலுள்ள எல்பிட்டிய பிரதேச சபை. அங்கு 2024 ஒக்டோபர் மாதமே தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. மற்றையது எமது கல்முனை மாநகர சபை. இங்கு தேர்தலே நடக்கவில்லை.

சாய்ந்தமருதுக்கும் மாளிகைக்காட்டுக்கும் இடையில் ஒரு வீதிதான் எல்லை. வீதிக்கு இந்தப் பக்கம் கல்முனை மாநகர சபை, அந்தப் பக்கம் காரைதீவு பிரதேச சபை. கடைக்குப் போகும் பிள்ளை ஒரு நாளைக்கு நான்கு தடவை இரண்டு சபைகளையும் கடந்து வரும். அன்றைய தினம் மாளிகைக்காட்டுப் பெண்கள் காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்து சமையலைத் தொடங்கினார்கள். சாய்ந்தமருதில் இருந்த தங்கை ஒருவர் என்னைக் கண்டதும் கேட்டார்: "எங்கட ராத்தாட விரல்ல மை இரிக்கி. எனக்கு ஏன் மிஸ் இல்ல? நான் என்ன வெளிநாட்டாளா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கல்முனை மாநகர சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2018 பெப்ரவரி 10ஆம் திகதி. சாய்ந்தமருதுக்குத் தனியான சபை வேண்டும் என்ற கோரிக்கை அப்போதே வலுவாக இருந்தது. அந்தக் கோரிக்கையை முன்வைத்த சுயேச்சைக் குழு அங்கே பெருவெற்றி பெற்றது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபை உருவாக்கப்படுவதாக வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, மக்கள் வெடி கொளுத்தி முடிப்பதற்குள், சில நாட்களிலேயே அது இடைநிறுத்தப்பட்டது. பின்னர் விடயம் நீதிமன்றம் சென்றது. 2023 ஜனவரியில் கல்முனை மாநகர சபைக்கான வேட்புமனுக்களை ஏற்கக் கூடாது என உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. அதே ஆண்டு மார்ச் 19ஆம் திகதி சபையின் பதவிக்காலம் முடிவடைந்தது. உறுப்பினர்கள் வீடு சென்றார்கள். நிருவாகம் ஆணையாளரின் கைக்குப் போனது.

நான் எந்தப் பக்கத்துக்கும் வழக்குப் பேச வரவில்லை. சாய்ந்தமருதுப் பெண்களிடம் பேசினால், "எங்கட சபைய எங்களுக்குத் தந்தா வோட்டும் போடுவோம்" என்பார்கள். கல்முனைக்குடியில் பேசினால், பிரித்தால் எங்கள் பலம் குறைந்துவிடும் என்ற பயம் தெரிகின்றது. பாண்டிருப்பிலும் பெரியநீலாவணையிலும் உள்ள தமிழ்ப் பெண்களுக்கு வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினை பல வருடக் கவலை. ஒவ்வொருவர் பேச்சிலும் நியாயம் இருக்கின்றது. ஆனால் எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று ஆண்கள் பேசி முடிக்கும் வரை, மூன்று சமூகப் பகுதிகளிலும் உள்ள பெண்கள் எவருக்கும் சபை இல்லை. எல்லைப் பிரச்சினை தீரட்டும். அதற்காக வாக்கை ஈடு வைத்தது சரியென்று எனக்குப் படவில்லை.

சபை இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. "இப்ப சண்டையும் இல்ல, கூச்சலும் இல்ல, குப்பை லொறி வருகுதுதானே" என்று ஒரு மாமி சொன்னார். அவர் சொல்வதில் பொய்யில்லை. சபைக் கூட்டங்களில் நடந்த கூத்துகளை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே மாமியின் வீட்டு வாசல் வடிகான் மாரி காலத்தில் நிரம்பி, கழிவுநீர் கிணற்றடி வரை வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? முன்பு வட்டார உறுப்பினரைக் கல்யாண வீட்டிலோ மையத்து வீட்டிலோ மறித்துக் கேட்கலாம். அவருக்கு அடுத்த தேர்தல் பயம் இருக்கும். ஆணையாளர் நல்லவராகவே இருக்கட்டும். எங்கள் கோபத்தால் அவருடைய கதிரைக்கு ஒன்றும் நேராது. கந்தோருக்குப் போய், படிவம் கேட்டு, வரிசையில் நின்று, "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி வரும் வேலை பெரும்பாலும் பெண்களுக்குத்தான் விழுகின்றது. கணவனை இழந்த பெண்ணுக்கு அரை நாள் கூலியும் போகின்றது. சோலைவரி மட்டும் பிந்தாமல் கட்ட வேண்டியிருக்கின்றது.

2018 தேர்தலில்தான் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவு. அந்த ஒரு தேர்தலோடு ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்கள் சபைகளுக்குள் சென்றார்கள். கல்முனைச் சபையிலும் பெண்கள் அமர்ந்தார்கள். அவர்களில் சிலர் பேசவே விடப்படவில்லை என்பதும் உண்மை. பழகிக்கொண்டு வரும்போதே சபையும் போய்விட்டது. அம்பாறைக் கரையோரத்துக்குப் பெண் பிரதிநிதி புதிய விடயம் அல்ல. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் எம்.எச்.எம். அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபின், அடுத்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து அவரது துணைவியார் பேரியல் அஷ்ரப் பாராளுமன்றம் சென்று அமைச்சரானார். இத்தா இருக்க வேண்டிய காலத்தில் தேர்தலா என்று அப்போது பேசியவர்கள் உண்டு. வாக்குப் போட்ட பெண்களும் உண்டு.

தேர்தல் பிந்துவது சின்ன விடயமா பெரிய விடயமா என்பதற்கு எமது நாட்டு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கின்றது. 1998 ஆகஸ்டில் நடக்கவிருந்த ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை அரசாங்கம் அவசரகால விதிகளைக் காட்டி நிறுத்தியது. கருணாதிலக என்ற வாக்காளரும் இன்னொருவரும் தேர்தல் ஆணையாளருக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தனர். 1999 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வழங்கிய தீர்ப்பில், வாக்களிப்பது என்பதும் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று கூறப்பட்டது. மேடையில் ஏறிப் பேசுபவன் சத்தமாகப் பேசுகிறான். வாக்களிப்பவர் இரகசியமாக, சத்தமில்லாமல் பேசுகிறார். இரண்டுக்கும் அரசியலமைப்பில் ஒரே பாதுகாப்பு. வீட்டிலும் வெளியிலும் வாய் திறக்க இடமில்லாத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் எவருடைய முகத்தையும் பார்க்காமல் தன் கருத்தைச் சொல்லிவிட்டு வரக்கூடிய இடம் அந்த அட்டை மறைப்பு ஒன்றுதான்.

2023 மார்ச்சில் நடக்க வேண்டியிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டபோதும் இதே வழிதான் பின்பற்றப்பட்டது. 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி, அந்தத் தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற ஊர்களுக்கு 2025 மே மாதம் தேர்தல் கிடைத்தது. கல்முனையின் கதை வேறு வழக்கில் சிக்கியிருந்ததால் எமக்குக் கிடைக்கவில்லை. கிழக்கு மாகாண சபையையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பரில். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அதன் காலம் முடிந்தது. 2025 மே மாதம் மாளிகைக்காட்டில் வாக்களித்தவர்களுக்கும் மாகாண சபை இருக்கவில்லை.

வாக்கு இல்லாமல் போன காலங்கள் எம் தாய்மாருக்குப் புதியதல்ல. உங்களில் மூத்தவர்களுக்கு 1982 டிசம்பர் 22ஆம் திகதி ஞாபகம் இருக்கும். பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் மேலும் ஆறு வருடம் நீடிக்கலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்பதற்கு விளக்குச் சின்னம், இல்லை என்பதற்குக் குடம். விளக்கு வென்றது. 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தலை நாடு 1989இல்தான் கண்டது. இடையில் நடந்தவற்றை இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் எழுதிக்காட்டத் தேவையில்லை.

2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலும் அப்படித்தான். விடுதலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்ன அந்தத் தேர்தலில், ஏழு இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம் மாத்திரமே. நாட்டின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம். யார் வென்றிருந்தால் நல்லது என்பது அவரவர் அரசியல். போட விரும்பியவர்களும் போடாமல் இருக்க விரும்பியவர்களும் தாமாகவே முடிவெடுக்க விடப்படவில்லை என்பதுதான் என் மனதை உறுத்துகின்றது.

எமது பெண்கள் குழுக்களில் தேர்தல் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, "நான் யாருக்குப் போட்டன் எண்டு அவங்களுக்குத் தெரிய வருமா?" என்பதுதான். பாண்டிருப்பு அக்காவும் கேட்பார், மருதமுனை மூத்தம்மாவும் கேட்பார். சமுர்த்தியை வெட்டிவிடுவோம் என்று ஒரு காலத்தில் பயமுறுத்தினார்கள். இப்போது அஸ்வெசுமவைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். கணவன்மார் சிலர், "புள்ளடி போட்டதைப் போனில் படம் எடுத்துவா" என்று சொல்லி அனுப்புகிறார்களாம். வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசி பாவிப்பது தடை. அதை வீட்டில் சொல்லிவிட்டால் ஒரு சண்டை மிச்சம். வாக்குச்சீட்டில் எங்கள் பெயர் எங்கும் இல்லை. மடித்து நாமே பெட்டியில் போடுகிறோம். காலையில் வெறும் பெட்டியைக் கட்சி முகவர்களுக்குக் காட்டித்தான் முத்திரையிடுகிறார்கள். முகத்தை மூடிச் செல்லும் பெண்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த அலுவலருக்கு முகத்தைக் காட்ட வேண்டும். அங்கே பெண் அலுவலர் இருந்தால் அவரிடம் காட்டக் கேட்கலாம்.

ஆனால் ஒரு விடயத்துக்கு என்னால் முழுச் சமாதானம் சொல்ல முடியவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குகளை அந்தந்த வட்டாரத்திலேயே எண்ணினார்கள். பெட்டி தூரம் போகாததால் களவுக்கு இடம் குறைவு என்று பலருக்கு நம்பிக்கை வந்தது. அதே காரணத்தால், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. தனி ஆளின் வாக்கு தெரியாது. ஆனால் நாற்பது வீடுகள் உள்ள ஒரு ஒழுங்கையில் ஊகிப்பதற்கு எத்தனை நேரம் எடுக்கும்? தோற்ற வேட்பாளரின் ஆட்கள் சில வீடுகளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் கண்டேன். நம்பிக்கையும் இரகசியமும் ஒன்றையொன்று இப்படி இடிக்கும்போது, எனக்கு இரகசியம்தான் பெரிதாகத் தெரிகின்றது.

நிராகரிக்கப்பட்ட வாக்குகள் இன்னொரு கவலை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் 3,00,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இரண்டே மாதம் கழித்து, நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அது 6,67,240 ஆகியது. அதே மக்கள்தான், வந்தவர்களின் தொகையும் குறைவு. அப்படியிருந்தும் இரண்டு மடங்குக்கும் மேல். பெண்களுக்கு விளங்கவில்லை என்று மேடைகளில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விளங்காமல் இருக்கக் காரணம் சீட்டுகள்தான். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதலாம். பொதுத்தேர்தலில் கட்சிக்கு எதிரே புள்ளடி, பிறகு விருப்பு இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. விருப்பு இலக்கத்தில் மட்டும் புள்ளடி போட்டுக் கட்சியை விட்டுவிட்டால் வாக்கு வீண். உள்ளூராட்சிச் சீட்டில் ஒரே ஒரு புள்ளடி, வேறொன்றும் இல்லை. தேர்தலுக்கு முதல் வாரம் வெற்றுத் தாளில் மாதிரிச் சீட்டுக் கீறி ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டினால் அரை மணித்தியாலத்தில் பழகிவிடும். எங்கள் குழுவில் மரக்கறிகளின் படம் கீறிச் செய்தோம். கத்தரிக்காய் அமோக வெற்றி.

தேர்தல் இல்லாத காலத்தில் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. வாக்காளர் இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகின்றது. கிராம சேவை உத்தியோகத்தர் மூலம் வரும் படிவத்தில் "பிரதான குடியிருப்பாளர்" என்ற இடத்தை நாங்கள் அதிகம் கவனிப்பதில்லை. எங்கள் பகுதியில் தமிழரோ முஸ்லிமோ, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுடையது. படிவத்திலோ தலைவர் ஆண். கணவர் காணாமல் போய்ப் பல வருடம் ஆன பின்னும் அந்த இடத்தில் அவர் பெயரையே எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். பெயரை எடுத்தால் இல்லை என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று ஒரு அக்கா சொன்னார். அதற்கு மேல் நான் அவரோடு வாதிடவில்லை. தன் பெயரையும் கீழே தவறாமல் எழுதச் சொன்னேன். 2004 சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களுக்கு இடம்மாறியவர்களில் சிலருக்குப் பெயர் பழைய கடற்கரைப் பிரிவிலேயே கிடக்கின்றது. அடையாள அட்டை தொலைந்தவர்களும் வீட்டில் இருந்துவிடத் தேவையில்லை. தேர்தல் காலத்தில் கிராம சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்துத் தற்காலிக அடையாள அட்டை பெறலாம்.

எமது நாட்டில் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்களிக்கத் தொடங்கியது 1931இல். பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல்தான். இதைச் சொன்னபோது மருதமுனையில் கைத்தறியில் இருந்த ஒரு இளம் தாய் தறியை நிறுத்திவிட்டு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். 2018 தேர்தலின் போது அவருக்குப் பதினேழு வயது. இப்போது இரண்டு பிள்ளைகள், மூத்தது பாலர் பாடசாலை போகின்றது. ஜனாதிபதிக்குப் போட்டிருக்கிறார், பாராளுமன்றத்துக்குப் போட்டிருக்கிறார். தன் தெரு விளக்கைப் போடும் சபைக்கு இன்னும் ஒரு முறைகூடப் போடவில்லை. "அந்தச் சீட்டு எப்படி இரிக்கும் மிஸ்?" என்று கேட்டார். நூல் கட்டி வந்த கடதாசியின் பின்புறத்தில் கோடு போட்டுக் கீறிக் கொடுத்தேன். புள்ளடியை அவரே போட்டார்.