இணையவழி உளவளத்துணையும் எமது குடும்பங்களும்

"வீட்டுக்கு வீடு வாசற்படி" என்பது எமது முன்னோர் வாக்கு. குடும்பம் என ஒன்று இருப்பின் அங்கே பிணக்கும் மனவருத்தமும் இருக்கும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஊரில் அப்பிணக்கைத் தீர்த்துவைக்கப் பேரனார், பேத்தியார், மாமன், மாமி, அயலவர் எனப் பலர் இருந்தனர். கணவன் மனைவியரிடையே எழுந்த மனத்தாங்கல் அடுப்படியிலும் வேலியோரத்திலும் பேசப்பட்டே பாதி கரைந்துவிடும். 1980களில் கல்விக்காகவும் புகலிடம் தேடியும் நோர்வேக்கு வந்து, வடபகுதி மீன் தொழிற்சாலைகளில் உழைத்து, பின்னர் ஒஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய எம்மவர் பலருக்கு அந்த வேலியோரம் இல்லாமற் போயிற்று. ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளையில் மற்றவர் வேலைக்குப் புறப்படுகிறார். பேசுவதற்கு நேரமில்லை, நேரம் கிடைத்தாலோ பேச்சுச் சண்டையாகிறது.

வெளியே எவரிடமாவது சொல்லலாம் என்றால், அங்கும் ஓர் அச்சம் குறுக்கே நிற்கிறது. எமது சமூகம் சிறியது. தமிழ்ப் பள்ளியிலும் கோயிலிலும் திருமண மண்டபத்திலும் அதே முகங்களையே காண்கிறோம். இன்று ஒருவரிடம் சொன்னது நாளை நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வாய் மூடுகிறோம். அந்த மௌனத்தின் சுமையை முதலில் சுமப்பவர்கள் எமது பிள்ளைகளே. "அப்பாவிடம் போய்ச் சொல்", "அம்மாவிடம் கேள்" என்று தூதுவராக்கப்படும் பிள்ளையின் மனம் பாடத்தில் நிலைப்பது எங்ஙனம்?

இந்நிலையில், கணினித் திரை வழியாகவும் தொலைபேசி வழியாகவும் கிடைக்கும் உளவளத்துணை பற்றி நாம் அறிந்திருப்பது நன்று. உளவளத்துணை என்பது புத்திமதி கூறுதல் அன்று. யார் பக்கம் நியாயம் எனத் தீர்ப்பு வழங்குதலும் அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையோடு செவிமடுத்து, எமது சிக்கலை நாமே தெளிவாகக் கண்டு, நாமே முடிவெடுக்கத் துணைநிற்பதே அது. ஈழத்தில் இதனை 'ஆற்றுப்படுத்தல்' என்றும் வழங்குவர். பரிசில் பெற்ற பாணன் ஒருவன் வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழிகாட்டுவதைச் சங்கப் புலவர் ஆற்றுப்படை என்றனர். வழியைக் காட்டுபவர் ஒருவர்; நடந்து செல்ல வேண்டியவர் மற்றவர். இப்பணிக்கு இச்சொல் மிகப் பொருத்தமானதே.

முகமறியாத ஒருவரிடம் தொலைவிலிருந்து மனம் திறத்தல் புதுமையானதும் அன்று. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் மதகுரு தொலைபேசிவழிச் செவிமடுக்கும் பணியைத் தொடங்கினார். அவ்வழியில் 1974இல் இலங்கையில் 'சுமித்ரயோ' தோன்றியது. அதே ஆண்டில் நோர்வேயில் 'ஷிர்க்கன்ஸ் எஸ்ஓஎஸ்' தொடங்கப்பட்டது. சென்னையில் 'சினேகா' 1986இல் உருவானது. 2020இல் பெருந்தொற்று வந்து கதவுகள் மூடப்பட்டபோது, ஆலோசனை நிலையங்கள் பலவும் காணொளி வழியாகச் சந்திப்புகளை நடத்தப் பழகிக்கொண்டன.

நோர்வேயில் இதற்கென அமைந்த பொதுச் சேவை 'பமிலியவார்ன்கொன்தூர்' எனப்படும் குடும்ப ஆலோசனை நிலையமாகும். 1997ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இயங்கும் இந்நிலையத்துக்குச் செல்ல மருத்துவரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தம்பதியராகவோ, தனியாகவோ, பிள்ளைகளோடோ செல்லலாம். நேரிற் செல்ல இயலாதோர் காணொளி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ உரையாட முடியுமா எனக் கேட்கலாம். பிரிவதற்குத்தான் அங்கே போவது என்றொரு தவறான எண்ணம் எம்மிடையே உண்டு. பிரிய முடிவு செய்த பெற்றோருக்குச் சட்டம் விதிக்கும் சமரசப் பேச்சு அங்கு நடைபெறுவதே அதற்குக் காரணம். ஆனால் சேர்ந்து வாழ விரும்புவோருக்கும் அந்நிலையம் உரியது. அங்கு பணிபுரிவோர் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர்கள். ஒரு பிள்ளைக்கோ வேறொருவரின் உயிருக்கோ கடும் ஆபத்து உண்டெனக் கண்டால் மட்டுமே அவர்கள் பிறருக்கு அறிவிக்க வேண்டியிருக்கும்.

மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 2022 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவையான இடங்களில் தகுதி பெற்றவரை அமர்த்தும் கடமையைப் பொது நிறுவனங்களுக்கு விதிக்கிறது. பிள்ளைகளை அப்பணிக்குப் பயன்படுத்துவதை அச்சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. மருத்துவரிடமும் அலுவலகங்களிலும் பெற்றோரின் துயரைத் தன் வாயால் எடுத்துரைக்க நேர்ந்த பிள்ளைகள் எம்மிடையே உளர். அது அவர்கள் சுமக்க வேண்டிய பாரமன்று. மொழிபெயர்ப்பாளர் எமக்குத் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற அச்சத்துக்கும் தொழில்நுட்பம் ஒரு வழி தருகிறது. தொலைபேசியிலோ திரையிலோ இணையும், வேறு நகரில் வாழும் ஒருவரை ஒழுங்குசெய்யுமாறு முன்கூட்டியே கேட்கலாம்.

தாய்மொழியிலேயே மனம் திறக்க விரும்பும் சிலர், தாயகத்திலோ தமிழகத்திலோ உள்ள உளவளத்துணையாளரை இணையவழி நாடுகின்றனர். இதில் நன்மை உண்டு. எமது உறவுமுறையையும் வழக்கங்களையும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் மூன்று விடயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, அவருக்கு இந்நாட்டுச் சட்டம் தெரியாதிருக்கலாம். பிள்ளையைக் கண்டிக்க ஓர் அடி அடிப்பது அங்கே சிலருக்குச் சாதாரணம். நோர்வேயிலோ 1987 முதல் அது சட்டத்தால் விலக்கப்பட்டது. இரண்டாவது, அவரது தகுதியை நாம் கேட்டறிய வேண்டும். நோர்வேயில் 'சிக்கொலோக்' என்னும் பெயர் உரிய அனுமதி பெற்ற உளவியலாளருக்கே உரியது. அனுமதி பெற்றோரின் விபரங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 'ஆலோசகர்' என்னும் பெயருக்கு அத்தகைய காவல் இல்லை. மூன்றாவது, ஆபத்து நேர்ந்தால் தொலைநாட்டில் இருப்பவர் எமது வீட்டுக்கு நோயாளர் ஊர்தியை அனுப்புவது எளிதன்று.

திரைக்கும் எல்லை உண்டு. வீட்டில் வன்முறை நிகழ்கையில் அதே வீட்டின் அறையிலிருந்து பேசுவது பாதுகாப்பன்று. கைத்தொலைபேசியில் எஞ்சும் பதிவுகளையும் பிறர் பார்க்கக்கூடும். அவ்வேளை 112 எண்ணில் காவல்துறையையோ, புகலிடம் தரும் 'கிரீசசென்டர்' நிலையத்தையோ நாடவேண்டும். உயிர் மாய்க்கும் எண்ணம் வலுத்தால் தயங்காது 113 எண்ணை அழைக்கவேண்டும். மனம் சோர்ந்து ஒருவரோடு பேச விரும்புவோருக்கு 116 123 இரவு பகலாக இயங்குகிறது. சிறுவர்களும் இளையோரும் தாமாகவே அழைக்கக்கூடிய எண் 116 111 ஆகும். இவ்வெண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பெற்றோருக்கு இழுக்கன்று. அது அவர்கள் பிள்ளைகளுக்குத் தரும் பாதுகாப்பாகும்.

இணையவழிச் சந்திப்புக்கு வேண்டியவை மிகச் சிலவே. கதவை அடைக்கக்கூடிய ஓர் அறை, காதிற் பொருத்தும் கருவி, இடையூறில்லாத ஒரு மணி நேரம். அறை கிடைக்காவிடின் நிறுத்தி வைத்த காரினுள் இருந்தும் பேசலாம். ஒரு சந்திப்பிலேயே யாவும் தீர்ந்துவிடும் என எதிர்பார்த்தலாகாது. முதலாமவர் மனத்துக்கு ஒவ்வாவிடின் வேறொருவரைக் கேட்பதிலும் தவறில்லை.

பல் வலித்தால் பல் மருத்துவரிடம் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. மன வலிக்கு மட்டும் ஏன் வெட்கம்? வார இறுதிகளில் எமது பிள்ளைகளைக் கைபிடித்துத் தமிழ் கற்க அழைத்து வருகிறோம். அம்மொழியில் தம் வீட்டில் அவர்கள் கேட்பது அன்பான உரையாடலாக இருந்தால்தான் அது அவர்கள் நெஞ்சில் நிலைக்கும். அதற்காக ஒருவரின் துணையை நாடுவதாயின், அதுவும் நாம் எம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையே.